கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்கு உடலைத் தயார்ப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எல்க் மான்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் கொலராடோ. டெக்சாஸ், இல்லினாய் போன்ற சமவெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்களில் சிலர், அலுவலக நண்பர்களின் அழைப்பின் பேரில் வேட்டைக்காரராகவோ சுமை தூக்கும் துணையாகவோ அங்கே செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கோடை பிறந்ததும் அவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். உரிமம், துப்பாக்கி, வேட்டைச் சட்டம் ஆகியவற்றை, உடல் உழைப்பைத் தொடும் இடங்களில் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

வேட்டைன்னா ஒரு இடத்துல உட்கார்ந்து காத்திருக்கிறதுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பயிற்சி?

கிழக்கு மாநிலங்களில் மரத்தின் மேல் பரண் கட்டி அமர்ந்து வெள்ளைவால் மானுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்து எழும் எண்ணம் இது. கொலராடோவின் எல்க் மான்கள் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் 2,700 முதல் 3,500 மீட்டர் வரையிலான உயரத்தில், சாலையிலிருந்தும் மனித நடமாட்டத்திலிருந்தும் விலகி மேயும். விடியும்போது முகட்டில் இருக்க வேண்டும் என்றால், இருட்டிலேயே தலைவிளக்குடன் கிளம்பி முந்நூறு, நானூறு மீட்டர் உயரம் ஏறி முடித்திருக்க வேண்டும். அங்கே இரண்டு மணி நேரம் குளிரில் அசையாமல் அமர்ந்து தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைத் துழாவுவீர்கள். மான் தென்பட்டால், இடையில் உள்ள பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடியும் ஏறுவீர்கள்.

இதை ஒரு நாள் செய்வது பலருக்கும் கைகூடும். ரைஃபிள் பருவங்கள் ஐந்து முதல் ஒன்பது நாள் வரை நீள்பவை; வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் மாதம் முழுவதும் இருக்கும். நான்காம் நாள் விடியற்காலையிலும் கூடாரத்தை விட்டு எழுந்து ஏறத் தோன்ற வேண்டும். பயிற்சியின் ஒரு பாதி அதற்காக. மறு பாதி மான் விழுந்த பிறகு தொடங்கும் வேலைக்காக. அந்த வேலையைக் கீழே தனியாக விளக்கியிருக்கிறேன்.

எத்தனை மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும்?

பதினாறு வாரங்கள் இருந்தால் நிதானமாகத் தயாராகலாம். பன்னிரண்டு வாரங்கள் என்பது ஓரளவு நடமாட்டம் உள்ளவர்களுக்குப் போதும்; நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்களுக்கு அது குறைவு. மூச்சும் இதயமும் ஆறு வாரங்களில் நன்றாகத் தேறிவிடும். தசைநாண்களும் மூட்டு இணைப்புகளும் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு கொடுக்கும் தெம்பை நம்பி எடையை அவசரமாகக் கூட்டுபவர்களுக்குத்தான் குதிகால் நாணிலும் முழங்காலுக்குக் கீழும் வலி வந்து சேர்கிறது.

கொலராடோவில் குலுக்கல் முறை உரிமத்துக்கு ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவுகள் கோடைத் தொடக்கத்தில் வெளிவரும். முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பித்த வாரத்திலேயே நடக்கத் தொடங்குவது நல்லது. உரிமம் கிடைக்காமல் போனாலும் நடந்த நடை வீணாகப் போவதில்லை.

நான் ஏற்கெனவே தகுதியாத்தான் இருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது. மலையில் அணியப் போகும் அதே பூட்ஸ், பத்து கிலோ முதுகுப்பை, ஒரு மணி நேரம், 300 மீட்டர் உயரம். இடையில் நிற்காமல் ஏறி முடிக்க வேண்டும். ஏறும்போது பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். மலை இல்லாத ஊரில் இதைப் படிக்கட்டில் சோதிக்கலாம். ஒரு படி 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1,700 படிகள் வரும்.

சோதனையின் முக்கியமான பகுதி மறுநாள் காலையில்தான் இருக்கிறது. ஏறிய அளவு இறங்கியும் இருந்தால், மறுநாள் வீட்டுப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றாமல் உங்களால் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். தொடை கடுத்து, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறீர்கள் என்றால் மூச்சு தயாராக இருக்கிறது, கால்கள் தயாராக இல்லை என்று பொருள்.

வாரத்துக்கு நாலு நாள் ஜிம்முக்குப் போறேன், அது போதாதா?

அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெஞ்ச் பிரஸ்ஸும் கைத்தசைப் பயிற்சிகளும் மலையில் அவ்வளவாகத் துணை வரா. தொடை, பிட்டம், கெண்டைக்கால், கீழ்முதுகு, வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள் ஆகியவைதான் அங்கே உழைக்கின்றன. நம் ஊர்ப் பழைய பஸ்கியை எடையுடன் செய்வதும், உயரமான பெட்டியின் மீது ஒரு காலால் ஏறி அதே காலின் கட்டுப்பாட்டில் மெதுவாக இறங்குவதும், தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்டும், இரு கைகளிலும் கனம் ஏந்தி நடப்பதும் போதுமான அடித்தளம். மலையில் எந்தக் கணத்திலும் பெரும்பாலும் ஒரு கால்தான் உங்களைத் தாங்குகிறது. எனவே ஒற்றைக்கால் பயிற்சிகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

நான் மாரத்தான் ஓடியிருக்கேன். எனக்குமா?

உங்கள் இதயமும் நுரையீரலும் பலரைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆனால் சமதளச் சாலையில் எடையின்றி ஓடிப் பழகிய கணுக்கால், சாய்வான புல்சரிவிலும் சாய்ந்து கிடக்கும் மரங்களின் மீதும் இருபது கிலோவுடன் நடப்பதை அறியாது. ஓட்டத்தில் பாதியைக் குறைத்து, அந்த நேரத்தை முதுகுப்பையுடன் மேடேறும் நடைக்கும் மேலே சொன்ன ஒற்றைக்கால் பயிற்சிகளுக்கும் ஒதுக்கினால் போதும்.

ஹூஸ்டன்ல இருக்கேன். இங்க ஒரு மேடுகூட இல்லையே, எங்க போய் ஏறுறது?

பல மாடிக் கார் நிறுத்தகங்கள்தான் சமவெளி நகரங்களின் மலைகள். படிக்கட்டில் ஏறி, கார்கள் செல்லும் சரிவுப் பாதை ஆளற்று இருக்கும் நேரத்தில் அதன் வழியாக இறங்கலாம். விளையாட்டு அரங்கின் படிவரிசைகளும் உதவும். பள்ளி அரங்குகளில் அனுமதி கேட்டுவிட்டுச் செல்லுங்கள். டிரெட்மில்லில் நடப்பதாக இருந்தால் சாய்வை 12 முதல் 15 சதவீதம் வரை வைத்து, கைப்பிடியைத் தொடாமல் நடக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நடப்பவர் திரையில் காணும் சாய்வை ஏறவில்லை.

டிரெட்மில்லில் ஒரு குறை உண்டு: அது ஏற மட்டுமே கற்றுத்தரும். கட்டடத்தில் படியேறிவிட்டு மின்தூக்கியில் இறங்குபவருக்கும் இதே குறைதான். இறங்குவதைப் பயிற்சியிலிருந்து கழித்துவிடாதீர்கள்; ஏன் என்பதை இறக்கம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன். ஹூஸ்டனின் கோடை வெப்பத்தில் எடையுடன் நடப்பதாக இருந்தால் விடியலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மலையில் எழ வேண்டிய நேரத்துக்கும் அது உங்களைப் பழக்கிவிடும்.

வாரத்துல எந்த நாள் என்ன செய்யணும்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

மொத்த நேரத்தில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள்கள் நாற்பது முதல் அறுபது நிமிடம் வரை அப்படி நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், மேடேறலாம். இரண்டு நாள்கள் எடைப் பயிற்சி. அந்த மூன்று நடை நாள்களில் ஒன்றை மட்டும், மூன்று நான்கு நிமிடம் மூச்சு வாங்க ஏறி, ஆசுவாசப்படுத்திக்கொண்டு மீண்டும் ஏறும் கடினமான நாளாக மாற்றிக்கொள்ளலாம். வார இறுதியில் ஒரு நீண்ட நடை. முதலில் ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கி, கடைசி மாதத்தில் நான்கைந்து மணி நேரத்தைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வியர்வை கொட்டி மூச்சிரைத்தால்தான் பயிற்சி என்று நினைப்பவர்கள், எந்த நாளும் முழுமையாகத் தேறாமல், எந்த நாளும் முழு வலுவோடு உழைக்காமல் நடுவிலேயே தங்கிவிடுகிறார்கள். நான்காவது வாரம்தோறும் அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். உடல் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான்.

முதுகுப்பைல எவ்வளவு எடை வைக்கலாம்? முதல் நாளே முப்பது கிலோ தூக்கலாமா?

வேண்டாம். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூட்டுங்கள். பருவம் நெருங்கும்போது இருபது கிலோவுடன் இரண்டு மணி நேரம் ஏறி இறங்க முடிந்தால் நல்ல நிலை. முப்பது கிலோவை எப்போதாவது, சமமான பாதையில், குறைந்த தூரத்துக்கு மட்டும் சுமந்து பார்க்கலாம். அந்தக் கனம் இடுப்புப்பட்டையில் எப்படி அமர்கிறது, தோளில் எங்கே அறுக்கிறது என்பதை அறிவதற்குத்தான் அது. சுமையுடன் ஓடவே ஓடாதீர்கள்.

எடைக்கு மணல்மூட்டையைவிடத் தண்ணீர் வசதியானது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. தொடக்க வாரங்களில் உச்சிக்கு ஏறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையுடன் இறங்கினால் முழங்காலுக்கு இதமாக இருக்கும். கால்கள் வலுத்த பிறகு கொட்டும் அளவை வாரந்தோறும் குறைத்து, கடைசியில் முழுச் சுமையுடனேயே இறங்கப் பழக வேண்டும்.

ஏறுறதுதானே கஷ்டம்? இறங்குறது சும்மாதானே?

ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவது தசையைக் கிழிக்கும். ஏறும்போது தொடைத்தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இவ்வகை உழைப்பில் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் அதிகம் ஏற்படுவதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்துக்குப் போகும், வலுவும் குறையும். மூச்சு வாங்காததால் இறங்கும்போது களைப்பே தெரிவதில்லை. அதனால்தான் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு முறை இப்படி இறங்கி வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. எனவே பத்து நாள்களுக்கு ஒரு முறையாவது நீண்ட இறக்கம் ஒன்றைப் பயிற்சியில் சேர்த்துவிட்டால், மலையின் முதல் நாளிலேயே கால் பிடித்துக்கொள்ளாது. வீட்டில் கடைசிப் படியின் மேல் நின்று, ஒரு காலை மடக்கி மறு குதிகாலால் தரையை மூன்று நொடிகளில் மெல்லத் தொட்டு மீள்வதைப் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை செய்யலாம். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து செலவில்லாத பயிற்சிகளில் இதற்கு இணையானது வேறில்லை.

மான் விழுந்த பிறகு உண்மையில என்ன தூக்க வேண்டி வரும்?

முழுமையாக வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். அதை யாரும் இழுத்து வர முடியாது. விழுந்த இடத்திலேயே தோலுரித்து, நான்கு கால்பகுதிகளையும் முதுகுச் சதையையும் பிரித்தெடுப்பார்கள். சரிவில் விழுந்த உடல் உருண்டு போகாமலிருக்கக் காலை மரத்தில் கயிற்றால் கட்ட வேண்டியிருக்கும். ஒருவர் முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பின்னங்காலை மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் இடுப்பெலும்பின் ஓரமாகக் கத்தியை ஓட்டுவார். தனியாளாக இருந்தால் அந்தக் காலைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே அறுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் முழங்காலிட்டு, முதுகை வளைத்துச் செய்யும் வேலை இது. பெரும்பாலும் நடந்து களைத்த மாலையில், விரல் விறைக்கும் குளிரில்தான் நடக்கும்.

எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 90 கிலோ அளவுக்கு வரும். நபர் ஒருவர், வண்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவு, சுமைக்கு 23 கிலோ என்று கணக்கிடுங்கள். நான்கு முறை சுமந்து இறங்க வேண்டும். இடையில் மூன்று முறை வெறும் பையுடன் ஏற வேண்டும். மொத்தம் 35 கிலோமீட்டர், அதில் 20 சுமையுடன். கொம்புடன் கூடிய தலையை வேண்டும் என்றால் இன்னொரு நடை. எலும்போடு கால்பகுதியாகவே தூக்கினால் ஒரு சுமை முப்பது கிலோவைத் தாண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். செப்டம்பரில் பகல் வெயில் ஏறினால் இறைச்சி கெடவும் தொடங்கிவிடும் என்பதால் இந்த வேலையை மறுநாளுக்குத் தள்ளவும் இயலாது.

என் கருத்தில், வேட்டைக்கான உடல்தகுதியின் எல்லை இங்கேதான் வரையப்படுகிறது. எவ்வளவு தொலைவு நடந்து போக முடியும் என்பதை வைத்துப் பெரும்பாலோர் திட்டமிடுகிறார்கள். எவ்வளவு தொலைவிலிருந்து 90 கிலோவைக் கெடாமல் வண்டிக்குக் கொண்டுவர முடியும் என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். கூட வருபவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து, தூரத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் எவ்வளவு அழகான கொம்பு தெரிந்தாலும் சுடக் கூடாது.

நல்லா பயிற்சி எடுத்திருந்தா உயரத்துல மூச்சுத் திணறல், தலைவலி வராதுதானே?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். எனவே யாராக இருந்தாலும் அங்கே உழைப்புத்திறன் குறையும்; பயிற்சி பெற்றவர் அதிக இருப்பிலிருந்து குறைவதால் அவருக்குச் சமாளிக்க இயலும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் வரக்கூடிய மலைநோயை (தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை) உடற்பயிற்சி தடுப்பதில்லை. வலுவானவர்கள் முதல் நாளே வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு அது வருவதும் உண்டு.

தடுக்கும் வழி, மெல்ல ஏறுவதே. டென்வர் நகரம் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே ஓரிரவு, அதன் பின் 2,400 மீட்டர் அளவில் இரண்டு இரவு என்று தங்கிவிட்டுக் கூடாரம் அடிக்கும் இடத்துக்குப் போவது நல்ல திட்டம். அசட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எவராயினும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறுவது, விடாத இருமல், நேர்கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை உயிருக்கே ஆபத்தான நிலையின் அறிகுறிகள். அப்போது இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.

மூச்சைக் கட்டுப்படுத்துற முகமூடி விக்கிறாங்களே, அதைப் போட்டுக்கிட்டு ஓடினா உயரத்துக்குப் பழகிடுமா?

பழகாது. அந்த முகமூடி காற்று உள்ளே வரும் வழியை இடுக்குகிறது; உள்ளே வரும் காற்றின் அழுத்தம் உங்கள் ஊர் அழுத்தம்தான். மூச்சுத்தசைகளுக்குச் சற்று வேலை கிடைக்கலாம். அந்தப் பணத்தில் மலையடிவாரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கலாம்.

வயசு 52. சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. நான் போகலாமா?

மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் இது. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்பதைச் சொல்லலாம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. மிச்சிகனில் மான் வேட்டைக்குச் சென்ற 25 ஆண்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், டிரெட்மில் சோதனையில் எட்டிய உச்சத்தைவிட அதிகமான துடிப்பு வேட்டையின்போது சிலருக்குப் பதிவானது. மானைக் கண்ட பரபரப்பு, குளிர், ஏற்றம், சுமை ஆகிய நான்கும் ஒரே கணத்தில் சேர்கின்றன. ஆகவே 'நடக்கலாமா' என்று பொதுவாகக் கேட்காமல், '3,000 மீட்டரில் இருபது கிலோவுடன் ஏறப் போகிறேன், உழைப்புச் சோதனை தேவையா' என்று தெளிவாகக் கேளுங்கள்.

இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பாமல், பேசமுடிகிறதா என்ற அளவையே பின்பற்ற வேண்டும். இன்சுலின் உறைந்துபோனால் பயனற்றுவிடும் என்பதால் அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட உழைப்பில் சர்க்கரை இறங்குவது இரவிலும் தொடரலாம். கூட வருபவருக்கு அதன் அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் எடைப் பயிற்சியைக் கைவிடாமல் இருந்தால், நிதானமும் பொறுமையும் சேர்ந்து, வேகமாக ஏறி மூச்சிரைக்கும் இளைஞரைவிட நன்றாகவே வேட்டையாடுகிறார்கள்.

இறங்கும்போது முழங்கால் வலிக்குது. நிறுத்திடணுமா?

வீக்கமோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ, கால் சட்டென மடங்குவதோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வெறும் வலி என்றால் சுமையைப் பாதியாக்கி, படி உயரத்தைக் குறைத்து, வலி எழாத அளவில் தொடருங்கள். இரண்டு நடைக்கோல்கள் இறக்கத்தில் முழங்காலின் பாரத்தைக் கணிசமாகக் குறைக்கும்; பயிற்சியிலேயே அவற்றோடு பழகுங்கள். எடை குறைந்த கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நூற்றுக்கணக்கில் டாலர் செலவழித்து ஒரு கிலோவை மிச்சப்படுத்துபவர்கள், தங்கள் இடுப்பைச் சுற்றியுள்ள ஐந்து கிலோவைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. முழங்காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் சுத்த சைவம். நண்பருக்குச் சுமை தூக்கத் துணையாப் போறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?

மலையில் ஒரு நாளைக்கு 3,500 முதல் 4,500 கலோரி வரை செலவாகலாம். உயரத்தில் பசி மந்தமாகிவிடும் என்பதுதான் சிக்கல். எடை குறைந்து சத்து செறிந்த உணவு வேண்டும். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 570 கலோரி இருக்கிறது. கடலைமிட்டாய், பேரீச்சை, முந்திரி, நெய் விட்டுப் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை ஆகியவற்றை மணிக்கொரு முறை சிறிது சிறிதாக மென்றுகொண்டே இருங்கள். அங்காடியில் பளபளக்கும் உறையில் விற்கும் ஆற்றல் கட்டிகளைவிட இவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. இரவில் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் அவல் உப்புமாவும் பருப்புப் பொடியும் போதும்.

பயிற்சி மாதங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. சாம்பாரிலிருக்கும் பருப்பு மட்டும் அதற்குப் போதாது. தயிர், பனீர், சோயா, சுண்டல் எல்லாம் சேர வேண்டும். எடை குறைக்க விரும்புபவர்கள் அதைக் கோடையின் முதல் பாதியில் முடித்துக்கொள்ள வேண்டும். கடைசி மூன்று வாரங்களில் பட்டினி கிடந்தால் வலுவும் சேர்ந்து கரையும்.

பூட்ஸ் எப்ப வாங்கணும்?

பயிற்சி தொடங்கும்போதே. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் நான்கைந்து கிலோவுக்குச் சமமான உழைப்பைக் கேட்கும் என்பதால் தேவைக்கு மேல் கனமான பூட்ஸ் வேண்டாம். அதே காலுறையுடன், அதே சுமையுடன் பல வாரம் நடந்து, எந்த இடம் சூடாகிறது என்று கண்டு, கொப்புளம் எழுவதற்கு முன்பே அங்கே பிளாஸ்திரி ஒட்டப் பழகுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காமலிருக்க நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மூச்சு வாங்கிட்டிருக்கும்போது கை ஆடுது, குறி எப்படி நிக்கும்?

இதையும் உடற்பயிற்சியாகவே கருத வேண்டும். சுடுதளத்தில் துப்பாக்கியுடன் ஓட அனுமதி இருக்காது. எனவே துப்பாக்கியை வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டு, தளப் பொறுப்பாளரின் இசைவுடன் பின்பக்கம் சென்று முப்பது பஸ்கி எடுத்து, துடிப்பு ஏறிய நிலையில் திரும்பி அமர்ந்து சுட்டுப் பாருங்கள். உட்கார்ந்தும் மண்டியிட்டும் கோல்களின் மீது சார்த்தியும் சுட்டுப் பழகுங்கள். எத்தனை மூச்சுக்குப் பிறகு குறி நிலைக்கிறது என்பது தெரிந்துவிடும். வில்லாளர்களுக்கு இது இன்னும் எளிது. வீட்டுத் தோட்டத்திலேயே செய்யலாம். மலையில் அந்த மூச்சுகளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால், அம்பையோ தோட்டாவையோ விடக் கூடாது. காயம்பட்ட விலங்கைத் தேடி இருட்டில் அலைவதைவிடச் சுடாமல் இருப்பது மேல்.

பயிற்சியெல்லாம் நல்லா எடுத்தவங்ககூட மூணாம் நாள் மலையில சுருண்டுடறாங்களே, ஏன்?

பெரும்பாலும் அவர்கள் பயிற்சியில் ஒரு நாள் உழைத்து மறுநாள் ஓய்ந்தவர்கள். அடுத்தடுத்த நாள்களில் களைத்த காலோடு ஏறுவது தனிப் பழக்கம். கடைசி ஆறு வாரங்களில் இரண்டு வார இறுதிகளிலாவது, சனியும் ஞாயிறும் தொடர்ந்து நீண்ட நடை போங்கள். இரண்டாம் நாளைத் தூக்கம் குறைந்த விடியற்காலையில் தொடங்குங்கள்.

மற்றொரு காரணம் முதல் நாள் வேகம். உரிமத்துக்காகக் காத்திருந்த ஆவலில் முதல் நாளே வியர்க்க வியர்க்க ஏறி, பின்பு அந்த ஈர உடையோடு குளிரில் அமர்ந்து, தாகமும் பசியும் தெரியாமல் மாலை வரை இருந்துவிடுகிறார்கள். வியர்வை அரும்பாத வேகத்தில் ஏறுவதும், முகட்டை எட்டியவுடன் உலர்ந்த உடையைப் போர்த்துவதும், அரை மணிக்கு ஒரு முறை கால்விரலையும் தொடையையும் அமர்ந்தபடியே இறுக்கித் தளர்த்துவதும் மூன்றாம் நாளுக்கான சேமிப்பு. உணவு பற்றிய பதிலில் சொன்ன மணிக்கொரு கவளமும் அப்படியே.

இன்னும் மூணே வாரம்தான் இருக்கு. ஒண்ணுமே செய்யலை. இப்ப என்ன பண்றது?

பதினாறு வார வேலையை மூன்று வாரத்தில் திணிக்க முயன்றால், காயத்தோடு மலைக்குப் போவீர்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பூட்ஸுடனும் ஐந்தாறு கிலோவுடனும் நடந்து, படியிறங்கும் பயிற்சியை மிகக் குறைந்த அளவில் சேருங்கள். மூன்றாம் வாரம் இலேசான நடை மட்டும், மற்றபடி தூக்கம். நன்றாகப் பயின்றவர்களும் கடைசி ஏழு முதல் பத்து நாள் வரை இப்படித்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

உடலை மாற்ற நேரமில்லை என்பதால் திட்டத்தை மாற்றுங்கள். வண்டியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள், ஏற்றம் குறைவான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உயரத்துக்குப் பழக இன்னும் ஓர் இரவைச் சேருங்கள். இறைச்சி சுமக்கக் குதிரைகளை வாடகைக்கு அனுப்பும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். மானைச் சுட்ட பிறகு தேடினால் அவர்களின் குதிரைகள் வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கக்கூடும் என்பதால், கூலியையும் எந்தப் பாதை வரை குதிரை வரும் என்பதையும் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.